பெயர் தொலைந்த படங்கள்

ஜெயரூபி கயிற்றை மூன்றாம் தரமும் இழுத்தபோது ஜெனரேற்றர் ஒருமுறை தும்மிவிட்டு அடங்கிப்போனது. மருந்துப் போத்தலின் அடியில் கிடந்த பெற்றோலில் இன்னும் நாலு துளி விட்டு, காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். இந்தத் தரம் பற்றிக்கொண்டது. மண்ணெண்ணெய்ப் புகை குசினிப் பக்கமாகச் சுழன்று எழும்பியது. முற்றத்தில் பந்தலுக்குத் தென்னங்கிடுகு கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விறாந்தையில் பிரேதத்தைச் சுற்றியிருந்து அழுத பெண்களின் குரல் அந்த இரைச்சலில் கொஞ்சம் தடுமாறி, பிறகு அதற்கு மேலால் உயர்ந்தது.

அப்பாவின் தம்பி வீரபாகு வேலியோரமாக ஓடிவந்தார்.

"பிள்ளை, உனக்கென்ன விசரே? செத்தவீட்டில மெசினைப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்!"

"அம்மா அப்பாவின்ர படம் கேக்கிறா, சித்தப்பா."

அவர் பக்கத்தில் கிடந்த மஞ்சள் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "இதில பாதிக்குக் கீழ போகவிடாதை. அண்ணரைக் கொண்டுபோய்க் கட்டையில வைச்சா ஊத்திறதுக்கு இதுதான் கிடக்கு. கடைத்தெரு முழுக்கக் கேட்டாச்சு, ஒரு சொட்டும் இல்லை."

"ஓம்."

அப்பா, செல்வநாயகம், அன்று விடியப்புறம்தான் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியிருந்தார். வன்னிக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு விளையாடிக்கொண்டிருந்த மலேரியா இந்தத் தரம் தலைக்கு ஏறிவிட்டது. வலிப்பு மாறி மாறி வந்ததில் வாய் ஒரு பக்கமாக இழுபட்டு, கண்ணிமைகள் வீங்கி, முகம் மஞ்சள் பூத்துப்போய்க் கிடந்தது. குளிப்பாட்டித் திருநீறு பூசி, தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியும் வாய் நேராகவில்லை. தலைமாட்டில் இருந்த அம்மா நாகேஸ்வரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ரூபி, உது அவரில்லை."

"அம்மா..."

"வாற சனம் உந்த முகத்தையோ கடைசியாப் பாத்து வைச்சிருக்கிறது? அவரின்ர நல்ல படமொண்டை எடுத்துத் தலைமாட்டில வை. கோயில்ல எடுத்த படம். உன்ர கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள்ளதானே கிடக்கு?"

வேறு படம் வீட்டில் இல்லை. சித்தப்பா, அப்பாவின் அடையாள அட்டையை எடுத்துவந்து காட்டினார். அதில் சுருட்டை மயிரும் முறைத்த கண்ணுமாக ஓர் இளந்தாரி இருந்தான். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது என்னைக் கட்ட முந்தின ஆள். எனக்குத் தெரியாது."

கோயில் படம் என்பது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று தெரிந்த ஒரு பெடியன் எடுத்தது. அதன் ஒரே பிரதி வவுனியாவில் இருக்கும் அவளுடைய தம்பி சுகிர்தனிடம் இருக்கிறது. சுகிர்தனுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அவன் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, இராணுவத் தடைமுகாம் தாண்டி வந்துசேரும்வரை பிரேதம் தாங்காது. பின்னேரம் எடுப்பதென்றும், மகன் பக்கத்தில் இல்லாதபடியால் சித்தப்பாவே கொள்ளி வைப்பதென்றும் முடிவாகியிருந்தது. அந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்புவதற்கு முன் அப்பா தன் கையாலேயே கணினிக்குள் ஏற்றி வைத்தார். எந்தப் பெயரில் வைத்தார் என்பதுகூட ஜெயரூபிக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தப் பெயர் இப்போது கணினிக்குள் இல்லை. எந்தப் பெயரும் இல்லை.

அவள் முன்னறைக்குள் போய்க் கணினியைப் போட்டாள்.

அந்தக் கணினி, ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் விட்டுச்சென்றது. அதில் அவள் நாலைந்து பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினாள். பெட்டியோடு கூடவே கையால் உருட்டுகிற சின்ன ஸ்கானர் ஒன்றும் வந்திருந்தது. அதற்கு அவள் ஒரு வேலையும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாதான் கண்டுபிடித்தார்.

யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது கிளாலிக் கடலேரிக் கரையில் படகுக்காரன், இரண்டு பெட்டியில் ஒன்றை விட்டுவிட்டு ஏறச் சொன்னான். ஒன்றில் அரிசியும் உடுப்பும், மற்றதில் குடும்பத்துப் படங்கள் எல்லாம். அப்பா யோசிக்க நேரமில்லாமல் அரிசிப் பெட்டியைத் தூக்கினார். அதற்காக அம்மா அவரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தால் மட்டும், "படமெல்லாம் கிளாலியில கிடக்கு" என்பாள். அந்த நேரம் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார்.

ஸ்கானரை உருட்டினால் படம் திரைக்குள் வருவதைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு வேறு யோசனை இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் வரைக்கும் வீடு வீடாகப் போனார். "இருக்கிற படத்தைத் தாங்கோ, ஒருக்கா உள்ளுக்குப் போட்டிட்டு அப்பிடியே கொண்டுவந்து தாறன். நாளைக்கு ஓடவேண்டி வந்தா அல்பத்தைத் தூக்கேலாது. இது ஒரு பெட்டி, ஆராவது தூக்குவம்." சனம் முதலில் சிரித்தது. பிறகு கொடுத்தது. அப்பா ஒவ்வொன்றையும் மெதுவாக உருட்டி எடுத்து, ஆளின் பெயரை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா நாலுதரம் கூப்பிட்டால்தான் எழும்பி வருவார். "உந்தப் பெட்டியையே கட்டிக்கொண்டு கிடவுங்கோ" என்று திட்டுவாளே தவிர அம்மா அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒட்டுசுட்டான் பக்கத்தில் சண்டை வந்து சனம் உடுத்த துணியோடு ஓடிவந்ததில் பலருக்குக் கையிலிருந்த படங்களும் போயின. கணினிக்குள் இருந்தவை மிஞ்சின.

பிறகுதான் அந்த வைரஸ் வந்தது. யாரோ கொண்டுவந்த பிளொப்பியில், நோய்களைப் பற்றி விளக்கம் சொல்லும் ஏதோ ஒன்று இருந்தது. அப்பாவின் காய்ச்சலுக்கு ஏதாவது கிடைக்குமா என்று அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சில கிழமைகள் கழித்து ஒருநாள் காலையில் திரை முழுக்கச் சிவப்பாகி ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் நின்றது. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, இன்ன நாட்டில் இன்ன தபால் பெட்டிக்குப் பணம் அனுப்பினால் திறக்கும் வழி அனுப்பிவைக்கப்படும்.

அவள் அதை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கப்பம் கேக்கிறான்! பற்றறிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை, சவர்க்காரத்துக்கும் கணக்கு. இஞ்சை வந்து கப்பம் கேக்கிறவன் எங்களிலும் பாவமடி பிள்ளை. நான் காசு கட்டுறனெண்டாலும் எந்தத் தபாலில அனுப்புறது?"

சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப கமலாட்சியின்ர பெடியன்?"

"படமெல்லாம் உள்ளுக்குத்தான் இருக்கு அப்பா. பேரைத்தான் அழிச்சுப்போட்டுது."

"பேரில்லாட்டில் எப்பிடிக் கூப்பிடுறது?"

அவள் பல நாள் முயன்று வைரஸைத் துடைத்தெறிந்தாள். ஆனால் அது மாற்றிவிட்ட பெயர்கள் திரும்பி வரவில்லை. படங்களும் பாடங்களும் கணக்குகளும் எல்லாம் ஒரே மாதிரி அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளாக வரிசையாக நின்றன. தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்றால், கணினியின் மணிக்கூட்டை ஓட்டும் சின்னப் பற்றறி செத்து எவ்வளவோ காலம், புதிதாக ஒன்று வன்னிக்கு வரவும் வழியில்லை. அதனால் எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி. கோப்பின் பெயருக்கு வாலில் கோப்பின் வகையைக் காட்டும் மூன்றெழுத்தைச் சேர்த்துத் திறந்து பார்த்தால், படமென்றால் வரும். யாரென்று பார்த்துப் பெயரை மறுபடி எழுதிவிடலாம். அவளும் அப்பாவும் அப்படித்தான் ஒன்றொன்றாகத் தொடங்கினார்கள். கொஞ்சம் திறப்பதற்குள் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய் வந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இப்போது அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

முதலில் திறந்தது மாணவன் ஒருவனின் கணக்குப் பாடம். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் படம் வந்தது. அந்தப் பழைய கணினி படத்தைக் கீழிருந்துதான் வரைந்து மேலே கொண்டுபோகும். முதலில் பாய் தெரிந்தது, பிறகு பாயில் குப்புறப் படுத்திருக்கிற குழந்தையின் கை, பிறகு தலையைத் தூக்கிச் சிரிக்கும் முகம். அவளுக்கு யாரென்று தெரியவில்லை. மூடினாள். அடுத்தது ஒரு கலியாணம். அதற்கடுத்தது பள்ளிக்கூடப் பரிசோடு நிற்கும் பெண். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். வகுப்பில் முன்வாங்கில் இருந்தவள். ஒருநாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. ஜெயரூபி அவளுடைய பெயரை எழுதிச் சேமித்தாள். எழுதாமல் விட மனம் வரவில்லை. பெயர் எழுதுவதற்குப் போகிற நேரமும் மண்ணெண்ணெய்தான் என்று தெரிந்தும் எழுதினாள்.

வெளியே பறைமேளம் வந்து இறங்கிய சத்தம் கேட்டது. யாரோ வாழைக்குலையை வாசலில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். அம்மாவின் குரல் மட்டும் இவ்வளவுக்குள்ளும் தனியாகக் கேட்டது. "இப்பிடிக் கிடக்கிறியளே, என்ர ராசா, முகமும் தராமல் போறியளே..."

அடுத்த கோப்பில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெடியன் வந்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். இடப்பக்க ஓரத்தில் வேறொரு பிள்ளையின் தோள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அந்தத் தோளை வெட்டிவிடட்டுமா என்று அவள் கேட்டதும், "விடு, தனிய நிக்காமல் இருக்கட்டும்" என்று அப்பா சொன்னதும் ஞாபகம் வந்தது. விஜிதரன். கமலாட்சியின் மகன்.

கமலாட்சி அந்த வீட்டின் வேலிக்கு அப்பால்தான் இப்போது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஒட்டுசுட்டான் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். சண்டையில் ஓடிவரும்போது பீரங்கிச் செல் விழுந்து பெடியன் போனான். வீடும் எரிந்தது. புருசன் ராசுவோடு இங்கே வந்து வயல் வேலை செய்கிறாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வளவில் கேத்திலை வைத்து, காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்கும் இடத்திலெல்லாம், "ஐயா, எங்க புள்ள பத்திரமா இருக்கானா?" என்று கேட்பாள். "இருக்கிறான், இருக்கிறான்" என்பார் அப்பா. கணினி பூட்டுப்பட்டதை அவளிடம் அவர் சொல்லவேயில்லை. அந்த நாட்களில் அவளைக் கண்டால் வேறு ஒழுங்கையால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜெயரூபி பெயரை எழுதிச் சேமித்தாள். படத்தை மூடினாள். கை அடுத்த கோப்புக்குப் போய் அங்கேயே நின்றது. எழும்பிப் போய் வேலியடியில் நின்று கூப்பிட்டாள்.

"கமலாட்சியக்கா, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

கமலாட்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து அறை வாசலில் நின்றாள். "நான் உள்ள வரலாமா தங்கச்சி?"

"வாங்கோ அக்கா."

படம் கீழிருந்து மேலே வந்தது. சட்டைப் பொத்தான், கழுத்து, பிறகு முகம். கமலாட்சி அழவில்லை. திரைக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். ஈரம் காயாத விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"இம்புட்டுச் சின்னப் புள்ளயாவா இருந்தான்?" என்றாள். "நான் பெரிய ஆளாவே நெனச்சுக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. போன வருசத்தவிட இந்த வருசம் வளந்த மாதிரி. மீசைகூட வச்சுப் பாத்தேன்."

கமலாட்சி நின்றுகொண்டேயிருந்தாள். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டேயிருந்தது. "சரி, மூடிக்க தங்கச்சி. நீ ஐயாவத் தேடு" என்று கடைசியில் அவளே சொன்னாள். வெளியே போய் மறுபடி கேத்திலைத் தூக்கினாள்.

ஆனால் கதை அதற்குள் விறாந்தைக்குப் போய்விட்டது. கமலாட்சியின் பெடியன் கொம்பியூட்டருக்குள் இருக்கிறானாம். அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழும்பினாள். பிறகு இன்னொருத்தி. ஜெயரூபி திரும்பிப் பார்த்தபோது வாசலில் இராசேஸ்வரி நின்றாள். அடுத்த ஒழுங்கைக்காரி. பின்னால் இன்னும் மூன்று நாலு பேர். அவிழ்ந்த தலையும் வீங்கிய கண்ணுமாக, செத்தவீட்டிலிருந்து இன்னொரு செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள்.

"பிள்ளை, இந்த நேரத்தில கேக்கக்கூடாது. என்ர இவரின்ர படமும் ஐயா எடுத்தவர். சைக்கிளோட நிக்கிற படம். வீட்டில இருந்ததைக் கறையான் திண்டிட்டுது. இருக்கோ எண்டு மட்டும் பாக்கிறியே?"

இராசேஸ்வரியின் புருசன் காட்டுக்குத் தேன் எடுக்கப் போய்த் திரும்பி வராதவர்.

"பாக்கிறன் அக்கா. எல்லாம் ஒண்டுக்குள்ளதான் கிடக்கு. வந்தாச் சொல்லுங்கோ" என்றாள் ஜெயரூபி. இப்படிச் சொன்னதில் பொய்யில்லை. அப்பாவின் படமும் இராசேஸ்வரியின் புருசனும் அதே வரிசைக்குள் எங்கேயோதான் நின்றார்கள். ஆனால் ஒவ்வொரு படம் வரும்போதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பொறு பிள்ளை, இது எங்கட மாமியின்ர மகளெல்லே?" "இதை ஒருக்கா வடிவாக் காட்டு." அவள் பொறுத்தாள், காட்டினாள், பெயர் கேட்டு எழுதினாள். திரையின் வெளிச்சம் பெண்களின் முகங்களில் விழுந்து விழுந்து அணைந்தது.

சித்தப்பா யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ரூபி, ஐயர் வந்திட்டார், கிரியை தொடங்கப்போகுது. கானில பாதிக்கு வந்திட்டுது. இனி ஊத்தமாட்டன். மெசினுக்குள்ள இருக்கிறது மட்டும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணரின்ரயைத் தேடு பிள்ளை. சனத்துக்குப் பிறகு காட்டலாம்."

பெண்கள் தாங்களாகவே கொஞ்சம் விலகினார்கள். இராசேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள். அப்போது கூட்டம் பிரிந்தது. அம்மா வந்து நின்றாள்.

கட்டினவரின் தலைமாட்டை விட்டு அவள் எழும்பி வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெயரூபி எழும்பினாள். "அம்மா, இன்னும் வரேல்ல. இப்ப கெதியாப் பாக்கிறன்." அம்மா அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவர் அதில் குடையோடு நின்றார். அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை, ஸ்கானர், அப்பா காலை நீட்டுவதற்குப் போட்டிருந்த மணைக்கட்டை. பிறகு இராசேஸ்வரியைப் பார்த்தாள். மூலையில் கிடந்த கதிரையை இழுத்து வந்து திரைக்கு முன்னால் போட்டாள். இராசேஸ்வரியின் தோளைப் பிடித்து அதில் இருத்தினாள். திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஜெயரூபி அவசரப்படவில்லை. ஒரு கோப்பு, இன்னொரு கோப்பு. வெளியே ஜெனரேற்றர் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு படத்தின் அடியில் சைக்கிளின் இரண்டு சில்லும் வந்தன. பெடலில் வைத்த ஒரு கால், மடித்துக் கட்டிய சாரம், காண்டிலைப் பிடித்த கை, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. இராசேஸ்வரி கதிரையின் நுனிக்கு வந்தாள். கழுத்தில் கிடந்த நூல் தெரியத் தொடங்கியபோது ஜெனரேற்றர் இரண்டுதரம் இருமி நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கிக் கறுத்தது.

"அவர்தான்" என்றாள் இராசேஸ்வரி. "கால் அவரின்ரதான். அந்தப் பெருவிரல் நெளிஞ்சு நிக்கும்." இருட்டிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காணும் பிள்ளை. உள்ளுக்கு இருக்கிறார், காணும்."

கிரியை நடந்தது. பாட்டுப் பாடி உரலில் சுண்ணப்பொடி இடித்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம் அப்பாவின் தாடைக் கட்டை அவிழ்த்தபோது வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அம்மா அரிசியை மெல்ல வைத்துவிட்டு, வெளியே சிந்திய மணிகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்தாள். தன் சேலைத் தலைப்பால் அவர் கடைவாயைத் துடைத்தாள். ஒருகணம் உள்ளங்கையால் அந்தக் கன்னத்தை நேராக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கையை எடுத்ததும் அது பழையபடி போயிற்று. தலைமாட்டில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. படம் வைக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு செம்பை வைத்திருந்தார்கள்.

பாடை வாசல் தாண்டியபோது பெண்கள் வேலிப் படலையோடு நின்றுவிட்டார்கள். சித்தப்பா கொள்ளிச் சட்டியோடு போனார், பின்னால் வந்தவர் மஞ்சள் கானைத் தூக்கிக்கொண்டு போனார். மேளச்சத்தம் ஒழுங்கை திரும்பித் தேய்ந்து, வயல் பக்கமாகக் கொஞ்சநேரம் கேட்டு, பிறகு இல்லாமல் போனது. வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் அள்ளினார்கள். ஜெயரூபி வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனபோது கதிரை அம்மா போட்ட இடத்திலேயே கிடந்தது. அதைத் தூக்கி வைக்காமல் சுற்றிக் கழுவினாள்.

அடுத்தடுத்த நாட்களில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுவந்து படியில் வைத்தாள். இன்னொருத்தி குப்பி விளக்கிலிருந்தே வடித்துவந்தாள். ராசு வயலுக்கு மருந்தடிக்கும் இடத்தில் கடன் வாங்கி வந்தானாம், கமலாட்சி கொடுத்துவிட்டுச் சொன்னாள். யாரும் எதற்கென்று சொல்லவில்லை. போத்தலை வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்பிப் போனார்கள். அவர்களுடைய வீடுகள் அந்தக் கிழமை முழுக்கப் பொழுதுபடவே இருண்டு கிடந்தன.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை ஜெயரூபி ஜெனரேற்றரைப் போட்டாள். சுகிர்தனுக்கு இன்னும் பாஸ் கிடைக்கவில்லை. இராசேஸ்வரி வந்து அதே கதிரையில் இருந்தாள். முதலில் அவளுடைய புருசனைத் திறந்தாள் ஜெயரூபி. இந்தத் தரம் முகம் முழுவதும் வந்தது. இராசேஸ்வரி நன்றாக அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "மீசையை ஒரு பக்கம் கூடுதலா வெட்டிப்போட்டார் பார்" என்றாள். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் அங்கே நின்றாள். இராசேஸ்வரி எழும்பி அம்மாவை இருக்கச் சொன்னாள். அம்மா முதலில் மறுத்தாள். பிறகு இருந்தாள்.

படங்கள் வந்தன, போயின. அம்மாவுக்குப் பலரைத் தெரிந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல ஜெயரூபி எழுதினாள். வெயில் முற்றத்தில் ஏறியபோது ஒரு படத்தின் அடியில் மணல் வந்தது. மணலில் இரண்டு வெறுங்கால், வேட்டிக் கரை, தோளில் மடித்துப் போட்ட சால்வை. அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. ஸ்கானரை உருட்டும்போது கை கொஞ்சம் தாமதித்திருக்கவேண்டும், நெற்றி சற்று நீண்டிருந்தது. மற்றபடி அவர்தான்.

"வெயில் சுடுது, கெதியா எடு எண்டு கத்தினவர்" என்றாள் அம்மா. "அந்தப் பெடியன் அதுக்குள்ள அமத்திப்போட்டான்."

ஜெயரூபி விசைப்பலகையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். பிறகு, இவ்வளவு நேரமும் ஒவ்வொருவரிடமும் கேட்ட பழக்கத்தில், "என்ன பேர் போட?" என்று கேட்டுவிட்டாள்.

வாசலில் கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் கதையை நிறுத்தினார்கள். அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்துக்கொண்டு, கதிரையிலிருந்து முன்னால் குனிந்து, தூங்குகிறவரை எழுப்புவதைப் போலக் கணினியின் பக்கமாக மெல்லச் சொன்னாள்.

"செல்வநாயகம்."

அந்தப் பெயரை அம்மாவின் வாயால் ஒருநாளும் கேட்டறியாத ஜெயரூபியின் விரல்கள் உடனே அசையவில்லை.

"எழுதிப்போட்டியோ?"

"எழுதிறன் அம்மா."

அவள் எழுதினாள். ஒவ்வோர் எழுத்து விழும்போதும் அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன.